பானையைக் குற்றவாளியாக்கும் சட்டம்

ஜார்க்கண்டிலும் ஒடிசாவின் வடபகுதியிலும் மேற்கு வங்கத்தின் மேற்கு மாவட்டங்களிலும் அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்துக்கு ஹண்டியா என்று பெயர். ஹண்டி என்றால் பானை. முண்டாக்கள் தம் மொழியில் இதை இலி என்பர். ஹோ மக்கள் தியங் என்பர். எனினும் சந்தையிலும் பொதுப்பேச்சிலும் நிலைத்த பெயர் பானையின் பெயரே. அரிசியாலோ சுவையாலோ அன்றி, தான் விளையும் கலத்தால் இப்பானம் பெயர் பெற்றிருக்கிறது. அந்தக் கலம் குயவர் கையிலிருந்து வருவது, விலை மலிந்தது, உடைந்தால் அடுத்த சந்தை நாளில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இந்தியக் கலால் சட்டங்களின் கண்ணில் அதுவே முதல் சான்றுப்பொருள்.

வீட்டில் பீர் செய்வதற்கு மலிவான கருவிகளைத் தானே அமைத்துக்கொள்வது மேலைநாடுகளில் மதிப்புக்குரிய பொழுதுபோக்கு. அதையே இந்தியாவில் ஒரு பழங்குடிப் பெண் செய்தால் சட்டத்தின் மொழியில் அது 'சட்டவிரோத உற்பத்தி'. ஆய்விதழ்களின் மொழியில் 'செம்மையற்ற முறை'. நலத்திட்டங்களின் மொழியில் 'கண்ணியமற்ற தொழில்'. இம்மூன்று பெயர்களும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. கருவி மலிவாக இருப்பதால் அறிவும் மலிவானது என்று கொள்வதே அந்தப் பிழை. சட்டமியற்றியோர் இதைச் செய்ததற்கு வருவாய் என்ற காரணமாவது உண்டு. பல்கலைக்கழகம் ஏன் செய்கிறது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

*

முதலில் சட்டம். 1909ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டமும், அதை அடியொற்றி 1915இல் வந்த பீகார் – ஒரிசா கலால் சட்டமும் 'பச்வாய்' என்ற சொல்லுக்கு வரையறை தருகின்றன. புளித்த அரிசியோ சிறுதானியமோ வேறு தானியமோ, அதில் நீர் கலந்திருந்தாலும் கலக்காவிட்டாலும், அதிலிருந்து வடியும் திரவம் எதுவாயினும் பச்வாய்தான். ஆனால் அந்த வரையறையின் இறுதியில் ஒரு விலக்கு இருக்கிறது: பீர் இதில் சேராது. பீர் என்பது வழக்கமாக மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, செய்யப்படுவது என்று அதற்குத் தனி விளக்கம். வேதியியலுக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. இரண்டிலும் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, சர்க்கரை ஆல்கஹாலாகிறது. சட்டத்துக்கோ அது மலையளவு வேறுபாடு. ஒன்று ஆலையில் விளைவது; மற்றது குடிசையில் விளைவது.

இதே சட்டங்கள், மது தயாரிக்கும் நோக்கத்துடன் மூலப்பொருள், வாலை, பாத்திரம், கருவி என எதை வைத்திருந்தாலும் குற்றம் என்கின்றன. 'எதுவாயினும்' என்ற அந்தச் சொல்லின் அகலத்துக்குள் ஒரு மண்பானையும் மூங்கில் கூடையும் இலைக்கட்டும் எளிதில் அடங்கிவிடும். அரசு விலக்கு அளித்த இடங்களில், விலக்கு பெற்ற சமூகத்தார் மட்டும், தம் வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்துகொள்ளலாம் என்பது பிற்சேர்க்கை. அது உரிமையாகத் தரப்படவில்லை, சலுகையாகத் தரப்பட்டது. சலுகை பட்டியலைப் பொறுத்தது. ஒரே ஊரில், ஒரே சந்தையில் வாங்கிய பானையில், பட்டியலில் இடம்பெற்ற வீடு செய்தால் வழக்கம். இடம்பெறாத தலித் வீடு செய்தால் குற்றம்.

நூறாண்டு கழித்தும் இந்தப் பார்வை மாறவில்லை. பீகாரின் 2016ஆம் ஆண்டு மதுவிலக்கு – கலால் சட்டம் இயற்றப்பட்டபோது, வெல்லமோ திராட்சையோ கலந்த கலவை ஒரு வீட்டின் பாத்திரத்தில் இருந்தாலே அங்கு மது தயாரிக்கப்படுவதாக அனுமானிக்க அதிகாரிகளுக்கு இடமளித்தது. வெல்லம் கரைத்த பானை இல்லாத கிராமத்து வீடு எது? அம்மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சரும் முசகர் சமூகத்தவருமான ஜீதன் ராம் மாஞ்சி, இச்சட்டத்தில் சிக்குவோர் ஏழைகளே என்று பலமுறை பொதுவெளியில் குறை கூறியிருக்கிறார். முன்யோசனையின்றிச் சட்டம் இயற்றுவதன் விளைவாக நீதிமன்றங்கள் வழக்குகளால் அடைபடுவதற்கு இதையே எடுத்துக்காட்டாக 2021 டிசம்பரில் அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா சுட்டினார். பெருமளவில் மது கடத்துபவனுக்கு வண்டி உண்டு, பணம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. பானை வைத்திருப்பவளுக்குப் பானை மட்டுமே உண்டு.

*

அடுத்து அந்தப் பானையைத் தொழில்நுட்பமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் பெரும்பாலான அறிஞர்கள் அதை அப்படிப் பார்க்கவேயில்லை.

தானியத்திலிருந்து பானம் செய்ய முயலும் எவரும் முதலில் ஒரு தடையைச் சந்திக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்ணும், மாவுச்சத்தை உண்ணாது. எனவே மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க வேண்டும். ஐரோப்பியர் இதற்குப் பார்லியை முளைகட்டினர். முளைக்கும் விதைக்குள் உருவாகும் நொதிகளே மாவுச்சத்தை உடைக்கும். ஆனால் அவை செவ்வனே இயங்க, இடித்த மால்ட்டை ஏறக்குறைய 62 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். பிறகு வடிக்க வேண்டும், கொதிக்கவிட வேண்டும், விரைந்து ஆறவைக்க வேண்டும். அதன் பின்னரே ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஆகவேதான் அமெரிக்க வீட்டு பீர்க்காரர் வெப்பமானி தேடுகிறார். உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோகும் குளிர்காப்புப் பெட்டியைச் சூடு தாங்கும் தொட்டியாக மாற்றுகிறார். தாமிரக் குழாயைச் சுருளாக வளைத்துக் குளிர்விப்பான் செய்கிறார். வாளியின் மூடியில் துளையிட்டு, உள்ளிருந்து வாயு வெளியேறவும் வெளிக்காற்று உட்புகாதிருக்கவும் ஒரு சிறு குழாய் பொருத்துகிறார். இவையனைத்தும் பாராட்டத்தக்க கைத்திறன். ஆனால் இவை பார்லி எழுப்பிய கேள்விக்கான விடைகள்.

கிழக்கு, வடகிழக்கு இந்தியாவும் இமயமலைச் சரிவுகளும் அதே கேள்விக்கு வேறு விடை கண்டன. மாவுச்சத்தை உடைக்கும் வேலையைப் பூஞ்சைகளிடம் ஒப்படைத்தன. அரிசிமாவோடு மூலிகை வேர், பட்டை, இலை ஆகியவற்றை இடித்துப் பிசைந்து, பழைய வில்லையின் பொடியைத் தூவி, வைக்கோலிலோ பெரணி இலையிலோ பொதிந்து உலர்த்தும் நொதி வில்லைதான் அந்த விடை. ஜார்க்கண்டில் அது ரானு, சிக்கிமில் மர்ச்சா, மணிப்பூரில் ஹமெய், அசாமின் திமாசா மக்களிடம் ஹுமாவ், லடாக்கில் ஃபாப். சிக்கிமின் மர்ச்சாவை நுண்ணுயிரியலாளர் ஜோதி பிரகாஷ் தமாங் போன்றோர் விரிவாக ஆய்ந்திருக்கின்றனர். மாவுச்சத்தை உடைக்கும் மியூக்கர், ரைசோபஸ் பூஞ்சைகள், ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்கள், புளிப்பேற்றிக் கெடுதல் நுண்ணுயிர்களைத் தடுக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா ஆகிய மூன்று தரப்பும் ஒரே வில்லையில் கூடிவாழ்கின்றன என்பது இத்தகைய ஆய்வுகளின் முடிவு.

இதன் விளைவு என்ன? சர்க்கரையாக்கமும் நொதித்தலும் ஒரே கலத்தில், அறை வெப்பத்தில், அடுத்தடுத்தும் உடனிணைந்தும் நடந்துவிடுகின்றன. சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தொட்டி வேண்டாம். வெப்பமானி வேண்டாம். தாமிரச் சுருள் வேண்டாம். ஆய்வகத்திலிருந்து ஈஸ்ட் வாங்க வேண்டாம். வேகவைத்த சோற்றைப் பாயில் பரப்பி ஆறவிட்டு, வில்லைப் பொடி தூவி, பானையில் இட்டு, சால் இலையால் வாய் மூடினால் போதும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாட்கள். குளிர் காலத்தில் இன்னும் சில நாட்கள். இலைமூடி வாயுவை வெளியேற விடுகிறது. நொதித்தலில் எழும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதால் குறுகிய கழுத்துக்குக் கீழே படலமாகத் தங்குகிறது. மண்சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளே ஏறும் சூட்டைத் தணிக்கிறது. அசாமின் பல வீடுகளில் சோறு இடுவதற்கு முன் பானையைப் புகையில் காட்டுவர். கிருமிநீக்கம் என்ற சொல் அந்த வீட்டில் இல்லாதிருக்கலாம், செயல் இருக்கிறது.

வடிகட்டும் கருவிகளும் இத்தகையவையே. அசாமின் மிசிங் மக்கள் செய்யும் கறுப்பு அபோங்கில், வைக்கோலும் உமியும் எரித்த சாம்பலைச் சோற்றோடு கலந்து, வாரக்கணக்கில் புளிக்கவிடுவர். பிறகு இலை விரித்த மூங்கில் கூம்புக் கூடையில் அதை அடைத்து மேலிருந்து நீர் ஊற்ற, கீழ்முனையில் கருஞ்சிவப்பாகச் சொட்டும். நீரின் எடையே அங்கு எந்திரம். சிக்கிமின் தோங்பாவில் வடிகட்டுதல் என்ற தனிக் கட்டமே இல்லை. புளித்த கேழ்வரகை மூங்கில் குவளையில் நிறைத்து வெந்நீர் ஊற்றி, அடிமுனை மூடிப் பக்கத்தில் நுண்துளைகள் இட்ட மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். குழலே வடிகட்டி. ஒரு பொறியியல் மாணவர் தம் இறுதியாண்டுத் திட்டத்தில் இரு கருவிகளை இப்படி ஒன்றாக்கிக் காட்டினால் பரிசு கிடைக்கும்.

ஆக, இக்கருவிகள் மலிவாக இருப்பதற்கு வறுமை காரணமன்று. செலவும் சிக்கலும் கலத்திலிருந்து வில்லைக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. எந்தச் செடியின் பட்டை, எந்தப் பருவத்தில், எவ்வளவு, வில்லை எப்போது சரியாக உலர்ந்தது, எந்த மணம் வந்தால் எறிந்துவிட வேண்டும் என்னும் அறிவுதான் விலைமதிப்புள்ள பகுதி. அது தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் போவது. பானையைப் பறிமுதல் செய்யலாம். அந்த அறிவை எந்தச் சான்றுப்பொருள் பட்டியலிலும் சேர்க்க முடியாது.

தமிழ் படித்தோருக்கு இது அயலான செய்தியும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் பானம் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைதானிய மாவைக் கலந்து, வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, விரலால் அலைத்துப் பிழிவது அம்முறை. தட்டு, சாடி, விரல் ஆகிய மூன்றே கருவிகள். அதே நூல் வேறோரிடத்தில் வீட்டில் சமைத்த தோப்பி என்ற நெல் கள்ளைப் பேசுகிறது. வகுப்பறையில் இவ்வடிகள் பண்பாட்டுச் செல்வமாக விளக்கப்படுகின்றன. அவ்வகுப்பறைக்கு வெளியே இன்று அதே சாடியை வைத்திருப்பவர் தண்டனைக்குரியவர் என்பதை ஆசிரியரும் சொல்வதில்லை, மாணவரும் கேட்பதில்லை.

*

இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகம் நிரப்பியிருக்கலாம். மாறாக அது இடைவெளியை ஆழப்படுத்தியது. மரபு நொதிபானங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வார்ப்பு தென்படுகிறது. முதல் பத்தியில் பழங்குடியினரின் 'செழுமையான பாரம்பரியம்'. இரண்டாம் பத்தியில் அதன் 'செம்மையற்ற', 'சுகாதாரமற்ற', 'கட்டுப்பாடற்ற' தயாரிப்பு முறை. பிறகு நுண்ணுயிர்கள் பிரித்தெடுக்கப்பட்டு, மரபணு வரிசை பார்க்கப்பட்டு, சேமிப்பகத்தில் எண்ணிடப்படுகின்றன. முடிவுரையில் 'தரப்படுத்தி வணிகமயமாக்கும் வாய்ப்பு'. வில்லையைத் தந்த பெண் நன்றியுரையில் 'உள்ளூர் மக்கள்' என்ற கூட்டுப்பெயருக்குள் கரைந்துவிடுகிறாள்.

பல தலைமுறைகளாக ஒரே நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சிதையாமல் காத்துவந்த முறை எப்படிக் 'கட்டுப்பாடற்ற' முறையாகும்? பழைய வில்லையின் பொடியைப் புதிய வில்லையில் தூவிக் கூட்டத்தைத் தொடரவைப்பதற்கு நுண்ணுயிரியலில் பெயர் உண்டு. அதை மாணவர்கள் பாடமாகப் படிக்கின்றனர். ஆய்வகத்தில் வெள்ளை அங்கி அணிந்து செய்தால் வளர்ப்பூடக மாற்றம். அடுக்களையில் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு செய்தால் மூடவழக்கம். இந்தச் சொல்லாட்சி வெறும் அலட்சியம் என்று கடந்துவிடக் கூடியதன்று. கலால் அதிகாரியின் சோதனைக்கு அது அறிவியல் முகம் தருகிறது.

*

வருவாய்க் காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். வீட்டில் செய்யும் பானத்துக்கு வரி விதிப்பது கடினம். ஆலையில் செய்வதற்கு எளிது. பம்பாய் மாகாணத்தின் 1878ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டம் உற்பத்தியை மைய ஆலைகளின் பக்கம் தள்ளியது. 1892ஆம் ஆண்டின் பம்பாய் மௌரா சட்டம் இலுப்பையின் இனமான மஹுவா மரத்தின் பூவையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பஞ்ச காலத்தில் ஏழைகளின் உணவாகவும் இருந்த பூ, மதுவாகக்கூடும் என்பதற்காகக் கண்காணிக்கப்பட்டது. தென் குஜராத்தில் வழக்கம் எவ்வாறு குற்றமாக்கப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் டேவிட் ஹார்டிமன் எழுதியிருக்கிறார். அடித்தள மக்கள் ஆய்வுகள் படிக்கும் மாணவர்கள் அவரை அறிவர். ஆனால் அந்த வரலாறு 1947இல் முடிந்துவிட்டதைப்போலக் கற்பிக்கப்படுவதுதான் சிக்கல். மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது; கலால் மாநிலங்களின் பெருவருவாய்களுள் ஒன்று. வீட்டுப் பானையில் விளையும் ஒவ்வொரு படியும் கணக்கில் வராத படி.

விடுதலை பெற்ற இந்தியா வேறு வழியை அறியாமலும் இல்லை. 1970களின் நடுப்பகுதியில் நடுவண் அரசு, பழங்குடிப் பகுதிகளில் வணிக மதுக்கடைகளைக் கைவிட்டு, வீட்டுத் தேவைக்கான மரபுப் பானங்களை அனுமதிக்குமாறு மாநிலங்களுக்கு வழிகாட்டியது. 1996இல் வந்த பெசா சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் போதைப்பொருளின் விற்பனையையும் நுகர்வையும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் வழங்க வேண்டும் என்றது. காகிதத்தில் இவை தெளிவானவை. களத்தில் முடிவெடுப்பது கிராம சபையன்று, கலால் ஆய்வாளர்.

*

இனி எதிர்வாதங்கள். அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, உயிர்ச்சேதம். வீட்டு உற்பத்தியை அனுமதித்தால் விஷச்சாராயச் சாவுகள் பெருகும் என்பர். 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாத் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த பெருந்துயரங்கள் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டிலும் கொன்றது மெத்தனால். அது எந்தப் பானையிலும் விளைந்ததன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வேதிப்பொருள், வழி மாறி விற்பனைக்கு வந்தது. அரிசியைப் புளிக்கவைக்கையில் உயிருக்கு ஊறு செய்யும் அளவு மெத்தனால் உருவாவதில்லை. இங்கு ஒரு கோடு தெளிவாகக் கிழிக்கப்பட வேண்டும். புளிக்கவைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு. வடித்தலில் தீவிபத்து உண்டு, செறிவு கூடுகிறது, தவறான உலோகம் பட்டால் நஞ்சு சேர்கிறது. வீட்டில் வாலை வடிப்பதற்கான வாதம் இங்கு முன்வைக்கப்படவில்லை. புளித்த சோற்றுப் பானையையும் மெத்தனால் பீப்பாயையும் 'கள்ளச்சாராயம்' என்ற ஒரே சொல்லால் சுட்டும் சட்டமும் ஊடகமும்தான் அந்தக் கோட்டை அழிக்கின்றன. கோடு அழிந்தால் காவலரின் நேரம் பானைகளை உடைப்பதில் கழியும், பீப்பாய் தப்பிவிடும்.

இரண்டாவது, குடியின் கேடு. இதைச் சொல்வோர் வெளியாட்கள் மட்டுமல்லர். பிர்சா முண்டா தம்மைப் பின்பற்றியோரைக் குடியை விடச் சொன்னார். 1914இல் ஜத்ரா பகத் தொடங்கிய தானா பகத் இயக்கம் ஒராவோன் மக்களிடையே மதுவை விலக்கியது. 1920களின் தொடக்கத்தில் தென் குஜராத்தின் தேவி இயக்கமும் அவ்வாறே. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவிலிருந்து எழுந்த பெண்கள் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வரச் செய்தனர். வீட்டில் அடிபடும் பெண்ணின் சாட்சியத்துக்கு முன் பண்பாட்டுப் பெருமிதம் பேசுவது அறமாகாது. ஹண்டியாவும் அளவு மீறினால் மதுதான். இளம் வயதினருக்கு அது ஏற்றதன்று. குடும்பத்தைக் குலைக்கும் ஆற்றல் அதற்கும் உண்டு.

ஆனால் இந்த எதிர்ப்புகளின் இலக்கைக் கவனிக்க வேண்டும். தூபகுண்டாவின் பெண்கள் எதிர்த்தது குத்தகைதாரர் வழியே ஊருக்குள் வந்திறங்கிய சாராயத்தை. அரசின் கருவூலம் அதில் பங்குதாரர். பிர்சாவும் தானா பகத்துகளும் தம் மக்களிடம் பேசினர். விடச் சொல்லும் தகுதி அவர்களுக்கு அச்சமூகத்தின் உள்ளிருந்து வந்தது. சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் தடையும், வருவாய்த் துறை விதிக்கும் தடையும் ஒன்றல்ல. முன்னதற்குத்தான் பெசா சட்டம் இடமளிக்கிறது. ஒரு கிராம சபை பானை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த முடிவு மதிக்கப்பட வேண்டும். ஊரின் பானையை உடைத்துவிட்டு, அதே ஊரின் நெடுஞ்சாலையில் உரிமம் பெற்ற கடையைத் திறக்கும் அரசுக்கு ஒழுக்கம் பேசும் தகுதி இல்லை.

மூன்றாவது, கண்ணியம். 2020இல் ஜார்க்கண்ட் அரசு பூலோ – ஜானோ ஆசிர்வாதத் திட்டத்தைத் தொடங்கி, சந்தைகளில் ஹண்டியா விற்கும் பெண்கள் வேறு தொழிலுக்கு மாற வட்டியில்லாக் கடன் அளித்தது. சாலையோரத்தில் குடிகாரரின் பேச்சையும் காவலரின் மிரட்டலையும் தாங்கி விற்கும் பெண்ணுக்கு மாற்றுவழி தருவது நல்லதே. விரும்பி மாறியவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அத்தொழிலில் கண்ணியம் இல்லாமற்போனது எதனால்? நகர விடுதியில் ஏப்ரன் கட்டிய இளைஞர் பீர் வடித்தால் அவர் 'பீர்க் கலைஞர்'. கோவாவின் ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திமாசாக்களின் ஜூதிமாவுக்கு 2021இல் கிடைத்தது. ஒரு கை மரபுக்கு முத்திரை வழங்க, மறு கை அதே வகைப் பானையைப் பறிமுதல் செய்கிறது. கண்ணியம் பானத்தில் இல்லை. அதைச் செய்பவர் யார் என்பதில் வைக்கப்பட்டிருக்கிறது.

*

பிற நாடுகளில் நடந்ததையும் பார்க்கலாம். பிரிட்டனில் வீட்டு பீருக்கான உரிமத் தேவை 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்தோர் இருவர் அல்லது மேற்பட்டோர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிச் செய்துகொள்ள இடமளித்தது. விற்பனைக்கு அனுமதி இல்லை, வடிப்பதற்கும் இல்லை. சட்டம் தெளிவானதும் அறிவு வெளிப்படையாகப் பரவியது. புத்தகங்கள் வந்தன, சங்கங்கள் வந்தன, எந்த உலோகம் ஆகும் எது ஆகாது என்ற பேச்சு வந்தது. வீட்டு பீர்க்காரராகத் தொடங்கிய கென் கிராஸ்மன், பழைய பால்பண்ணைத் தொட்டிகளைக் கொண்டு 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் அமைத்த சியரா நெவாடா இன்று பெரும் நிறுவனம். பழைய இரும்புக்கடைச் சரக்கிலிருந்து ஒரு தொழில் முளைத்தது என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வர். அந்தத் தொடக்கம் குற்றமாக்கப்பட்டிருந்தால் அக்கதை இருந்திராது.

இந்தியாவில் நேர்ந்தது இதன் மறுதலை. நகரங்களில் சிறு பீர் ஆலைகளுக்கு வழி திறக்கப்பட்டது. அதன் வாயிலில் இலட்சங்களில் உரிமக் கட்டணமும் இறக்குமதியான எஃகுத் தொட்டியும் நிற்கின்றன. மலிவான கருவிக்கு வாயில் இல்லை. மலிவுக்குக் கிடைத்த தண்டனை இது.

இந்தத் தண்டனை உண்மையான ஆபத்தையும் விளைவிக்கிறது. சோதனைக்கு அஞ்சும் வீட்டில் பானை நிலைக்காது. எடுத்து ஓட வசதியானதும் உடையாததுமான அலுமினியப் பாத்திரமும் நெகிழி டிரம்மும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. புளிப்பேறிய திரவம் அலுமினியத்தை அரிக்கும். முன்பு வேதிப்பொருள் இருந்த டிரம் எதைக் கசியவிடும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. உணவுத் தரமுள்ள கலம் எது, பானையை எப்படித் தூய்மை செய்வது, வில்லை கெட்டதை எவ்வாறு அறிவது என்று சொல்லித்தர வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன, மனையியல் கல்லூரிகள் இருக்கின்றன, உணவுத் தொழில்நுட்பத் துறைகள் இருக்கின்றன. ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் பயிற்சி நடத்தும் இந்நிறுவனங்கள் ஹண்டியாவுக்கு நடத்தத் துணிவதில்லை; குற்றத்துக்குப் பயிற்சியளித்ததாகிவிடும். 'சுகாதாரமற்றது' என்று எழுதிய கை, சுகாதாரத்தைக் கற்பிக்க மறுக்கிறது.

*

கோர வேண்டியவை மூன்று. ஒன்று, புளிக்கவைத்தலையும் வடித்தலையும் கலால் சட்டங்கள் தனித்தனியே பிரிக்க வேண்டும். விற்பனைக்கன்றி வீட்டுத் தேவைக்கு, வரையறுத்த அளவில், தானியத்தைப் புளிக்கவைப்பது எந்தச் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் குற்றமாகக் கூடாது. வெறும் பாத்திரம் சான்றாகக் கூடாது. இரண்டு, தடுப்பதா அனுமதிப்பதா என்ற முடிவு பெசா பகுதிகளில் மெய்யாகவே கிராம சபையிடம், பெண்களின் பெரும்பான்மைக் குரலோடு, விடப்பட வேண்டும். மூன்று, நொதி வில்லைகளை ஆய்வோர் 2002ஆம் ஆண்டின் உயிரினப் பல்வகைமைச் சட்டத்தின் பலன் பகிர்வுக் கொள்கையைத் தம் முதல் பக்கத்திலேயே மதிக்க வேண்டும். அறிவைத் தந்தவர் விரும்பினால் அவர் பெயர் கட்டுரையில் இடம்பெற வேண்டும். ஆய்வின் முடிவு அவர் மொழியில், அவர் அடுக்களைக்குத் திரும்ப வேண்டும்.

முதல் இரண்டும் சட்டமன்றங்களின் வேலை, காலம் பிடிக்கும். மூன்றாவதற்கு எந்த மசோதாவும் தேவையில்லை. அடுத்த ஆய்வேட்டில் 'செம்மையற்ற கருவி' என்று எழுதுவதற்கு முன், ஆய்வு மாணவர் ஒருவர் அந்தக் கருவியைத் தாமே செய்ய முயன்று பார்க்கட்டும். மூங்கிலைப் பிளந்து, ஒழுகாமலும் அடைபடாமலும் வடியும் கூம்பு ஒன்றைப் பின்னட்டும். வெப்பமானியின்றிச் சோற்றின் சூட்டைப் புறங்கையால் அறிந்து வில்லையைத் தூவட்டும். மூன்றாம் நாள் பானையைத் திறந்து, அது விளைந்ததா கெட்டதா என்று மூக்கால் மட்டும் தீர்ப்புச் சொல்லட்டும். அதன் பிறகு எந்தப் பெயரடை பொருத்தம் என்பதை முடிவு செய்யலாம்.